கேமராப் பக்கத்துக்குப் பெயர் வைத்த கதை

எங்கள் கோவிலின் பாடகர் மாடத்தில், பழைய பாட்டுப் புத்தகங்களுக்கும் கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்கும் நடுவில், ஒரு சின்னக் கணினி இருக்கிறது. சாப்பாட்டு டப்பா அளவுதான். லினக்ஸில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலியை, கோவிலுக்கு வர முடியாமல் வீட்டில் கிடக்கிறவர்களுக்கு நேரலையாக அனுப்புவது அதன் வேலை. அந்தப் பெட்டியை நான் வெறுத்த அளவுக்கு என் வாழ்க்கையில் ஒரு மனிதரைக்கூட வெறுத்ததில்லை. மாமியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதை அமைத்தது நானில்லை. எவனோ ஒரு பையன் அமைத்துக் கொடுத்துவிட்டு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். “நீங்க ஐடிதானே சிஸ்டர்” என்று ஒருநாள் என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு டிவி ரிமோட்டும் ஐடிதான், ராக்கெட்டும் ஐடிதான். நான் ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவள். வாரம் பூராவும் அதே பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையாவது சாமி கும்பிடலாம் என்று போனால் அங்கேயும் ஒரு சர்வர். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பெட்டிக்கு இரண்டு நெட்வொர்க் வாய்கள். ஒன்று உடம்போடு பிறந்தது. அதில் இணையம் வருகிறது. இன்னொன்று யூஎஸ்பியில் செருகியிருக்கும் விரல் நீள அடாப்டர். அதிலிருந்து கம்பி கேமராக்களுக்குப் போகிறது. எது இணையம், எது கேமரா என்று கணினிக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக ஒன்றுக்கு eth0 என்றும் மற்றதற்கு eth1 என்றும் பெயர் வைத்துக்கொள்கிறது. எந்த லட்சணத்தில் வைக்கிறது? காலையில் யார் முதலில் கண் விழித்தாரோ அவர் சைபர், அடுத்து விழித்தவர் ஒன்று. அவ்வளவுதான். பந்திக்கு முந்தினவன்தான் மூத்த மாப்பிள்ளை என்று வைத்தால் ஒரு குடும்பம் உருப்படுமா?

பெரும்பாலும் உடம்போடு பிறந்ததுதான் முந்தும். எல்லாம் ஒழுங்காக நடக்கும். சில ஞாயிறுகளில் அடாப்டர் முந்திவிடும். அன்றைக்குக் கணினி கேமராவுக்குள் இணையத்தைத் தேடும், இணையத்துக்குள் கேமராவைத் தேடும். இரண்டும் கிடைக்காது. திரை கறுப்பாகிவிடும். முதல் வாசகம் முடிவதற்குள் என் போன் நடுங்க ஆரம்பிக்கும். பீஷானில் ஓர் ஆன்ட்டி, யீஷூனில் ஓர் அங்கிள், எல்லாருக்கும் ஒரே கேள்வி: “ஒண்ணும் தெரியலயே ம்மா?” நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி, பிடுங்கி, செருகி, மறுபடி தொடக்கி, மூச்சிரைக்க இறங்கி வருவதற்குள் ஃபாதர் பிரசங்கத்தை முடித்திருப்பார். அந்த வருஷம் நான் முழுசாகக் கேட்ட பிரசங்கம் ஒன்றுகூட இல்லை.

வேறு எந்த இடத்திலும் இந்தத் தொல்லை இவ்வளவு பெரிசாகத் தெரியாது. என் ஆபீசில் கணினிகள் மாதக் கணக்கில் தூங்காமல் ஓடும். தூங்கினால்தானே யார் முதலில் விழித்தது என்ற வழக்கு வரும்? எங்கள் கோவிலில் அப்படியில்லை. ஒரே கட்டடத்தில் ஆங்கிலம், சீனம், தமிழ் என்று மூன்று கூட்டம். ஒரு கூட்டம் முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது மைக் அங்கிளின் சட்டம். அவர் பணி ஓய்வு பெற்ற தொண்டர். ஒலிபெருக்கி, விளக்கு, மின்விசிறி எல்லாம் அவர் ராஜ்ஜியம். “கோவில் கரண்ட்டை வேஸ்ட் பண்ணக் கூடாது ம்மா, பாவம்” என்பார். அங்கிள், அந்தப் பெட்டியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். “எல்லாத்துக்கும் ஒரே ரூல் லா” என்றுவிட்டார். பத்துக் கட்டளைகளில்கூட விட்டுக்கொடுப்பார் போல, மெயின் சுவிட்சில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இவ்வளவு எரிச்சலோடு நான் ஏன் அந்த வேலையை உதறவில்லை என்றால், காரணம் என் அண்ணன்.

அண்ணன் செம்பவாங் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடும் செம்பவாங்கிலேயே. பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கண்ணில் பாதிப் பார்வை. மூக்கில் குழாய். பேச்சு போய்விட்டது. மெதுவாக வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வரவில்லை. எவ்வளவு புரிகிறது என்பதும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. “ம்ம்” என்பார். அது ஆமாமா, இல்லையா, வலியா, சும்மாவா என்று அண்ணிக்கே தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டேப்லெட்டில் திருப்பலி ஓட ஆரம்பித்தால் மட்டும் வலது கை தானாக எழுந்து சிலுவை போடும். படம் பாதிதான் தெரியும் என்பதால் அவருக்கு எல்லாம் காதில்தான். நேரலை செத்துப்போன ஞாயிறுகளில் அந்தக் கை எழுந்து பாதியில் நிற்கும் என்று அண்ணி சொன்னார். அதைக் கேட்ட பிறகு நான் எங்கே உதறுவது?

திருப்பலி முடிந்ததும் தேக்கா சந்தையில் அண்ணிக்குப் புட்டு மாயம் என்று நாங்கள் சொல்லும் இடியாப்பம் வாங்கிக்கொண்டு, ரயில் மாறி செம்பவாங் போவேன். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு அந்தப் பெட்டி எனக்குச் செய்த துரோகத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டுவேன். வேறு யாரிடம் சொல்வது? வீட்டில் என் கணவரிடம் சொன்னால், “ஓஹோ” என்று ஒரு சொல் வரும். அதுவும் விளம்பர இடைவேளையில்தான் வரும். அண்ணனிடம் சொன்னால் குறுக்கே பேச மாட்டார். “அண்ணே, இன்னைக்கும் காலை வாரிடுச்சு, அந்தச் சனியன். அது முந்திடுச்சு, இது பிந்திடுச்சு. பேரை மாத்தி மாத்தி வெச்சுக்குது. இப்படிப் பேரை மாத்துறவன் மனுஷனா இருந்தா போலீஸ் புடிச்சிருக்கும்.” அண்ணன் “ம்ம்” என்பார். கேட்கிறாரோ இல்லையோ, எனக்கு மனசு லேசாகும்.

இப்படி இருக்கையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடியது. அண்ணனைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு வரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாள். ஒன்று, அப்பா இடத்தில் நின்று நான்தான் அவள் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக வேண்டும். இன்னொன்று, அப்பா அந்த நேரத்திலேயே கேட்க வேண்டும்.

“ரெக்கார்டிங் வேண்டாம் அத்தை. நான் வாக்கு சொல்றப்ப அப்பா கேட்டுகிட்டு இருக்கணும். லைவ்வா.”

போனில் காட்டினால் போதாதா என்று கேட்டுப் பார்த்தோம். பீடத்துக்கு முன்னால் போனைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்பது ஃபாதரின் உத்தரவு. தூரத்து பெஞ்சிலிருந்து பிடித்தால் அந்த உயரக் கூரைக்கடியில் குரலெல்லாம் குடத்துக்குள் பேசுகிற மாதிரி கேட்கும். சோதித்துப் பார்த்தபோது ஒரு சொல் பிடிபடவில்லை. அண்ணனுக்கோ காதுதான் எல்லாம். மைக்கிலிருந்து நேராகச் சத்தம் போவது அந்தப் பெட்டி வழியாக மட்டும்தான். ஆக, என் அண்ணன் தன் ஒரே மகளின் கல்யாணத்தைக் கேட்பதும் கேட்காததும், எந்த நெட்வொர்க் வாய் முதலில் கண் விழிக்கிறது என்பதில் வந்து நின்றது. ஆண்டவரே, உமக்கு வேறு வழியே கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

தீர்வு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பொறித்த ஒரு முகவரி உண்டு. எண்ணும் எழுத்துமாக ஆறு ஜோடி. ‘இந்த முகவரிக்காரன் எப்போது விழித்தாலும் சரி, அவன் பெயர் cam0’ என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துவிட்டால் பெயர் மாறாது. கேமராவுக்கு cam0, இணையத்துக்கு net0. கோப்பில் மொத்தமே நாலு வரி. அந்த நாலு வரிக்காக என் சனிக்கிழமைகள் எத்தனை போயின என்று கேட்காதீர்கள். ஓர் இணையப் பக்கம் கோப்பை இங்கே வை என்கிறது. அங்கே வைத்தால் கணினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம், அந்த முறை எப்போதோ செத்துப்போய்விட்டது என்று நிதானமாகச் சொல்கிறது. கோப்பின் பெயரை ஒரு சின்ன எண்ணில் ஆரம்பிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கணினியோடு வந்த கோப்பு முந்திக்கொள்ளுமாம். இதை யாராவது முதல் வரியில் சொன்னார்களா? வெளிநாடு போன அந்தப் பையனோ, போகிற இடமெல்லாம் eth0, eth1 என்றே எழுதித் தொலைத்திருந்தான். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைந்தது. கிணறு வெட்டப் பூதங்கள் வரிசையில் நின்று கிளம்பின.

ஆளைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்துப் பெயர் வைக்கவும் வழி உண்டு. இந்தத் துளையில் எது செருகியிருந்தாலும் அதன் பெயர் cam0 என்று எழுதலாம். யோசித்தேன். ஆனால் எங்கள் பாடகர் குழுவைப் பற்றி எனக்குத் தெரியும். போன் சார்ஜ் பண்ண ஒரு துளை வேண்டுமென்றால் பரிசுத்த ஆவியையே பிடுங்கிவிட்டுச் செருகுவார்கள். அப்புறம் பிடுங்கியதைக் கண்ட துளையில் மாட்டிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்வார்கள். துளையை நம்ப முடியாது. அடாப்டரையே நம்புவது என்று முடிவு செய்தேன். முகவரியை எழுதினேன்.

ஓடியது. ஆனாலும் எனக்கு அந்த அடாப்டர் மேல் நம்பிக்கை வரவில்லை. வருஷக் கணக்கில் நான் பிடுங்கிப் பிடுங்கிச் செருகி அதன் முனை ஆட ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிறு அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அண்ணனின் வலது கண்ணுக்கு நேரே ஆட்டினேன். “இதான் ணே அந்தச் சனியன். பாரு, எப்படி ஆடுதுன்னு. கல்யாணத்தன்னைக்கு இது காலை வாரும் பாரு, எழுதி வெச்சுக்க.” அண்ணன் பார்த்தார். “ம்ம்” என்றார். புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம்தான். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: விசேஷம் நெருங்கும்போது ஓடுகிறதைத் தொடாதே. இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. புலம்பும்போது பாதிதானே வாயில் வரும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மைக் அங்கிளை நிற்க வைத்து, அவர் கையாலேயே மெயினை அணைத்து அணைத்துப் போடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் cam0 தன் பெயரிலேயே எழுந்தது. “ஆளுக்கு ஆள் பேரு நிலைச்சிடுச்சு அங்கிள், இனிமே இதைத் தொடாதீங்க” என்றேன். “நான் ஏன் ம்மா தொடப் போறேன்” என்றார். அன்றைக்குத்தான் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் தேக்காவுக்குப் போய் மல்லிகை வாங்கி வந்தேன். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. பிள்ளை கார் விட்டிறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோவில் வாசலில் நிற்கிறோம். உள்ளே எல்லாரும் எழுந்து நின்றாயிற்று. பாடகர் குழு தொண்டையைக் கனைக்கிறது. அப்போது போன். என் கணவர். செம்பவாங்கில் அண்ணனோடு இருந்து டேப்லெட்டைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

“கறுப்பா இருக்கு” என்றார்.

“எது?”

“எல்லாம்.”

“எல்லாம்னா? சத்தம் வருதா?”

“சத்தமும் கறுப்புதான்.”

இப்படிப் பதில் சொல்கிற மனிதரோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குச் சிலை வைக்க வேண்டும். பிள்ளை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். கையை விட்டாள். “போங்க அத்தை. போய் ஃபிக்ஸ் பண்ணுங்க. அப்பாவுக்குக் கேக்காம நான் உள்ள நடக்க மாட்டேன்.” அண்ணன் மகள்தானே, பிடிவாதம் ரத்தத்தில் வந்தது. அடுத்து சீனர்களின் ஞானஸ்நானம் இருக்கிறது, நேரம் தள்ள முடியாது என்று ஃபாதர் நேற்றே எச்சரித்திருந்தார். கொசுவத்தை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

திரையைப் பார்த்தேன். net0 இருக்கிறது. cam0 என்று ஒருவர் இல்லவே இல்லை. அதற்குப் பதிலாக முழ நீளத்துக்கு எண்ணும் எழுத்துமாகப் பெயர் வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். குனிந்து பார்த்தேன். துளையில் இருப்பது என் பழைய கறுப்பு அடாப்டர் இல்லை. பளபளவென்று வெள்ளி நிறத்தில் புத்தம் புதிது.

“அங்கிள்!” என்று நான் போட்ட சத்தத்தில் பாடகர் குழு மொத்தமும் திரும்பியது. “இதை யாரு மாத்துனது?”

மைக் அங்கிள் பூரிப்போடு வந்தார். “நல்லா இருக்குல்ல ம்மா? காணிக்கை. நேத்து நீ போன அப்புறம் வந்துச்சு. கல்யாணத்துக்குன்னே கொடுத்தாங்க.”

“கொடுத்தா? எடுத்து உள்ள வெக்க வேண்டியதுதானே!”

“அதெப்படி ம்மா? ஒருத்தங்க மெழுகுவத்தி கொடுத்தா அந்தப் பூசைக்கே ஏத்தணும்ல? ஏத்தாம வெச்சா கொடுத்தவங்க மனசு என்ன பாடுபடும்? அதான் நானே மாட்டிட்டேன். பழசும் இதும் ஒண்ணுதானே, ஒரே மாதிரி லைட்டு எரியுது.”

லைட்டு எரியத்தான் செய்யும். முகவரி வேறல்லவா? நான் கோப்பில் எழுதி வைத்தது பழைய ஆளின் முகவரி. புதியவன் வந்து நின்றால், நீ யாரப்பா என்று கணினி கேட்காமல் என்ன செய்யும்? இதை அவருக்கு விளக்க எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. கோவிலுக்கு வந்த காணிக்கையை அந்த விசேஷத்துக்கே பயன்படுத்துவது எங்கள் வழக்கம். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. “எந்தப் புண்ணியவான் கொடுத்தான்?” என்றேன். “அது சர்ப்ரைஸ் ம்மா, சொல்லக் கூடாது” என்றார். “அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கட்டும். பழசை எடுத்துட்டு வாங்க, ஓடுங்க!” என்று விரட்டினேன். அது அவர் காரில் இருந்தது. ஓடினார் பாவம், அந்த வயதில்.

அவர் போன திசையிலிருந்து அண்ணி ஏறி வந்தார். மணப்பெண்ணின் அம்மா, வேர்த்து விறுவிறுத்து. “என்ன ஆச்சு? ஃபாதர் வாட்ச்சைப் பாத்துகிட்டே நிக்கிறாரு.”

“என்ன ஆச்சா? எவனோ ஒருத்தன் காணிக்கைங்கிற பேர்ல கழுத்தறுத்துட்டான் அண்ணி. அவனை மட்டும் இப்ப என் கையில கொடுங்க…”

அண்ணியின் முகம் சுருங்கிப்போனது. “அது உன் அண்ணன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் பேச்சே இல்லையே.

“நீ அன்னைக்கு ஆட்டிக் காட்டிட்டுப் போனியே, மறுநாள்லேந்து எதையோ கேட்டுக் கையைக் காட்டிகிட்டே இருந்தாரு. தண்ணி வேணுமான்னேன், ஃபேன் போடவான்னேன், எல்லாத்துக்கும் இல்லன்னு தலையை ஆட்டுனாரு. கடைசியில டேப்லெட்டைக் கையில கொடுத்தேன். ஒரு விரலாலயே தேடுனாரு. ரெண்டு நாளு. இந்த அடாப்டர் படத்தை எடுத்து வெச்சுகிட்டு என் முகத்தையே பாத்தாரு. வாங்கினாத்தான் விடுவேன்னு ஒரு பார்வை. நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு. உனக்குச் சொல்ல வேணாம்னு நான்தான் அங்கிள்கிட்ட சொன்னேன், நீ சந்தோஷப்படுவேன்னு.”

மாதக் கணக்காக நான் ஒரு சுவரோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அந்த மனிதர் ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறார். எலெக்ட்ரீஷியன் இல்லையா? முனை ஆடினால் புதிது மாட்டு என்பதுதானே அவர் படிப்பு. படுத்த படுக்கையாக இருந்துகொண்டு, தங்கச்சியின் தொல்லை தீரட்டும் என்று ஒற்றை விரலால் தேடியிருக்கிறார்.

மைக் அங்கிள் பழைய அடாப்டரோடு வந்து நின்றார். நீட்டினார். அதை வாங்கிச் செருகினால் போதும். கோப்பில் எழுதியிருப்பது அதன் முகவரிதான். அந்த நிமிஷமே cam0 எழுந்துவிடும். என் வேலையில் என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: முதலில் பழையபடி ஆக்கு, ஆராய்ச்சி அப்புறம். கீழே ஃபாதர், வாசலில் பிள்ளை, எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

“அது இருக்கட்டும் அங்கிள்” என்றேன். “புதுசுலயே ஓடும்.”

பழசின் முனை ஆடுகிறது என்று சாக்குச் சொல்லலாம். அது இல்லை காரணம். என் அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்குச் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். அதை நான் பிடுங்கி மேஜை மேல் போட மாட்டேன்.

கோப்பைத் திறந்தேன். என் படிக்கிற கண்ணாடி கைப்பையில், கைப்பை காரில். அடாப்டரின் அடியில் எறும்பு அளவில் முகவரி அச்சிட்டிருந்தது. அண்ணி கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர், கழுகுப் பார்வை. “படிங்க அண்ணி” என்றேன். கல்யாணப் பெண்ணின் அம்மா தங்க வளையல் குலுங்க அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மன்றாட்டு மாலை சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக அடித்தேன். சேமித்தேன். பிடுங்கிச் செருகினேன். cam0 வரவில்லை. அதே முழ நீளப் பெயர்.

“மாதாவே!” என்று அலறினேன். அண்ணி மறுபடி முதலிலிருந்து படித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரையில் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவில் இரட்டைப் புள்ளி வைப்பதற்குப் பதில் ஓர் இடத்தில் அரைப்புள்ளி வைத்திருந்தேன். ஒரு குட்டி வால். அதற்காக ஒரு கல்யாணத்தையே நிறுத்தி வைக்கிற ஜென்மம் அது. மாற்றினேன். பிடுங்கினேன், செருகினேன்.

cam0.

கேமராக்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. போனைக் காதில் வைத்தேன். “இன்னும் சுத்துது” என்றார் என் கணவர். “சுத்துது… சுத்துது… ஆங், தெரியுது. பூ தெரியுது. பாட்டு கேக்குது லா.” போனை அண்ணி கையில் திணித்துவிட்டுப் படியில் ஓடினேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பிள்ளையின் கையைப் பிடித்தேன். “கேக்குதாம்” என்றேன். அவள் நடந்தாள். அவள் வாக்குச் சொன்னபோது குரலைச் சற்று உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னாள்; ஆனால் யாருக்குக் கேட்கச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தாலி ஏறியபோது நான் மூக்கைச் சிந்திய சத்தமும் நேரலையில் போயிருக்கும். போகட்டும்.

சாயங்காலம் பொண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதம் வாங்க செம்பவாங் வந்தார்கள். அண்ணன் வலது கையைத் தூக்கி இரண்டு பேர் நெற்றியிலும் சிலுவை போட்டார். கூட்டம் ஹாலுக்கு நகர்ந்ததும் நான் கட்டிலருகே குனிந்து, “உன்னோடதுலதான் ணே ஓடுச்சு” என்றேன். “ம்ம்” என்றார். போர்வையை இழுத்துவிட்டேன். புலம்பத்தான் எனக்கு வாய் நீளும்.

சமையலறையில் என் கணவர் காப்பி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, “பாவம் அண்ணன், காலையில கறுப்பா இருந்தப்ப எவ்வளவு தவிச்சாரோ” என்றேன்.

“தவிக்கல்லாம் இல்ல” என்றார், டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டே. “அதான் பேசுனாரே.”

“யாரு?”

“உன் அண்ணன்தான். நான் வேற லிங்க் ஏதாச்சும் இருக்கான்னு பாக்கலாம்னு டேப்லெட்டை எடுக்கப் போனேன். கையைப் புடிச்சுட்டாரு. ‘விடு. அவ இருக்கா’ன்னாரு.”

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. “காலையில நடந்ததை இப்ப வந்து சொல்றீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?” என்று கத்தினேன். “நீ கேக்கலயே” என்றார். இவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? அண்ணன் அறைக்கு ஓடினேன்.

விழித்துத்தான் இருந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் கொட்டுகிறது, கோபமும் கொட்டுகிறது, எதை முதலில் துடைப்பது என்று தெரியவில்லை.

“ஏன் ணே, வாரா வாரம் வந்து உக்காந்து தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. போயும் போயும் அந்த மனுஷன்கிட்டயா பேசுவ?”

அண்ணன் என்னைப் பார்த்தார். வலது பக்க உதடு மட்டும் மெல்ல மேலே போனது.